ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



பதிவு கொஞ்சம் நீளம். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து படியுங்கள்.

"பத்து நாளா ஃபேஸ்புக் பக்கமே காணோமே டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. லேப்டாப்புக்குத்தான் முடியாமல் போய்விட்டது. இப்போது அது தேறிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், அதற்குள் இருந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே வெளியே வந்துவிட்டன.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. உங்களில் பலர் வீட்டில், குறிப்பாக உங்கள் அப்பா அம்மா வீட்டில், பழைய லேப்டாப் ஒன்று கிடக்கும். என்றைக்காவது ஒருநாள் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்திருக்க வேண்டும்.

என் லேப்டாப் 2014-இல் மகன் வாங்கித் தந்தது. போன மாதம் ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் நீலத்திரை. தானாகப் பழுது பார்க்கிறேன் என்று சொன்னது. கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பழுது பார்க்க முடியவில்லை என்றது. மறுபடி தானே அணைந்து, தானே எழுந்து, அதே நீலத்திரை. மூன்று நாள் இதே கதை. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிருச்சு மேடம். ஃபார்மட் பண்ணிப் புதுசா போடணும். டேட்டா போயிரும், பரவால்லையா?" என்றான்.

டீக்கடையில் "சக்கரை போடலாமா?" என்று கேட்பார்களே, அதே குரல். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மெஷின் வருகிறதோ. பெரும்பாலானவர்கள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள் போல. நான் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பரவாயில்லை என்று ஏன் சொல்ல முடியவில்லை? என்னிடம் படித்தவர்களுக்கு 'ஊர்ச்சொல் நோட்டு' நினைவிருக்கும். 1994-இலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பீரியடில், வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஆளுக்கு ஒரு சொல் கொண்டுவரச் சொல்வேன். பாடப்புத்தகத்தில் இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். சொல், அதன் பொருள், யார் சொன்னது, கொண்டுவந்த பிள்ளையின் பெயர் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுவோம். கண்மாய் பற்றி மட்டுமே எத்தனை சொல்! மடை, கலுங்கு, குமிழி, உள்வாய், கடைமடை. கமலை இறைத்த காலத்துச் சொற்கள் வேறு: சால், வடம், வால்கயிறு. நம் ஊரில் கடைசிக் கமலை நின்று எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. வால்கயிறு என்றால் என்ன என்று இன்றைக்கு ஒரு பிள்ளையைக் கேட்டால் மாட்டு வாலில் கட்டும் கயிறு என்றுதான் சொல்லும்.

அப்படி 23 நோட்டு சேர்ந்தது. 2017 மே மாதம் ஓய்வு பெற்ற பிறகு ஒன்றரை வருடம் உட்கார்ந்து அத்தனையையும் தட்டச்சு செய்தேன். 1,846 சொல். தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த கை ஐயா இது, சும்மா இருக்குமா! முடித்தது 2018 செப்டம்பர். அந்த நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் தென்னையும் பலாவும் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பின்கட்டு ஓடு பறந்து, நோட்டுகள் இருந்த அலமாரி முழுக்க நனைந்தது. பேனா மையால் எழுதியவை. வெயிலில் காய வைத்துப் பார்த்தோம். காய்ந்ததும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன, பிரித்தால் கிழிந்தன. நான் அன்று லேப்டாப்போடு திருச்சியில் மகள் வீட்டில் இருந்ததால் தட்டச்சு செய்தது பிழைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சொற்கள் இருந்த ஒரே இடம் இந்த லேப்டாப்தான்.

இரண்டாவது, குரல்கள். புயலுக்கு அடுத்த வருடம் ஊரில் பெரியவர்கள் வீடு வீடாகப் போய், அவர்கள் பேசுவதை ரெக்கார்ட் செய்து வைத்தேன். 41 பேர். அதில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. அப்படிப் போனவர்களில் ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவனின் அப்பத்தா. லேப்டாப் படுப்பதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அவன் போன் செய்தான். "அப்பத்தா பேசுனது உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னுச்சு டீச்சர். தலை திவசத்துக்கு வரேன். வீட்ல எல்லாரும் இருக்கப்ப போட்டுக் கேக்கணும்." நானும் சரி என்று சொல்லியிருந்தேன். தேதிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

இனி, என்ன செய்தோம் என்ற கதை.

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் 1999 செட் மாணவி ஒருத்தியை அழைத்தேன். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஐந்தாம் வகுப்பிலும் அப்படித்தான், கையைத் தூக்காமலே சரியான பதிலை வைத்திருப்பாள்.) அவள் முதலில் கேட்டது, "டீச்சர், ஆன் பண்ணும்போது உள்ளருந்து டக், டக்னு சத்தம் வருதா?" இல்லை என்றேன். "அப்போ பயமில்ல. சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிரணும். ஹார்ட் டிஸ்க்கோட ஊசியே அடிபட்டிருக்கும். ஓட ஓட இன்னும் கீறும். அது லேபுக்குத்தான் போகணும்." அடுத்து, இனி சும்மா சும்மா ஆன் செய்து பார்க்கக் கூடாது, திரையில் வரும் எந்தப் பழுதுநீக்கும் பட்டனையும் அழுத்தக் கூடாது என்றாள். கெட்டுப்போன டிஸ்க்கில் பழுது பார்க்கிறேன் என்று விண்டோஸ் எதையாவது எழுதி, இருப்பதையும் குலைத்துவிடலாமாம்.

"விண்டோஸ் போனா ஃபைல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டேன். அவள் சொன்ன விளக்கத்தை என் பாஷையில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மயங்கி விழுந்துவிட்டார் என்று வையுங்கள். மணி அடிக்க ஆளில்லை, கேட் திறக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் எல்லாம் அந்தந்த வகுப்பில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். விண்டோஸ் என்பது அந்தத் தலைமையாசிரியர். வேறொரு பள்ளியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக வரவழைத்தால் கேட்டைத் திறந்து பிள்ளைகளைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிடலாம்.

ஃபார்மட் என்றால்? வருகைப் பதிவேட்டைக் கிழித்துப் போடுவது. சாதாரணமாகச் செய்யும் வேக ஃபார்மட்டில் பிள்ளைகளை யாரும் வெளியே விரட்டுவதில்லை. பதிவேட்டில் பெயர் இல்லை, அதனால் வகுப்பு காலி என்று கணக்கு. அதன் பிறகு புது விண்டோஸ் வந்து பல ஜிபி கணக்கில் தன் ஆட்களைக் கொண்டுவந்து அதே பெஞ்சுகளில் உட்கார வைக்கிறது பாருங்கள், அப்போதுதான் பழைய பிள்ளைகள் நிஜமாகவே தொலைகிறார்கள். அதனால் தெரியாமல் ஃபார்மட் ஆகிவிட்டாலும், மேலே எதையும் ஏற்றாமல் நிறுத்தினால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்க வழி உண்டு. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. (ஃபோட்டோரெக் ஃபைலைக் கொடுக்கும், ஃபைலின் பெயரைக் கொடுக்காது. ஆயிரம் போட்டோவுக்கும் நம்பர்தான் இருக்கும். உட்கார்ந்து அடையாளம் காண வேண்டியதுதான்.) ஆனால் இப்போது வரும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் இந்த நம்பிக்கை வைக்காதீர்கள். அது காலி என்று சொன்ன இடத்தைத் தானே துடைத்துவிடும் பழக்கம் உள்ளது.

அந்தத் தற்காலிகத் தலைமையாசிரியர்தான் லினக்ஸ். பென் டிரைவிலிருந்தே ஓடும். லேப்டாப்பில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. 8 ஜிபி பென் டிரைவ் போதும். வேறொரு நல்ல கணினியில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் வெறும் பென் டிரைவாகப் பாருங்கள். எங்கள் தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் 2008 செட் மாணவன், சென்னைக்காரி போனில் சொல்லச் சொல்ல இதைச் செய்து கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். "அஞ்சாப்புல என் சிலேட்ட உடைச்சதுக்கு நீங்க எனக்குப் புதுசு வாங்கிக் குடுத்தீங்க டீச்சர்" என்றான். எனக்கு நினைவே இல்லை.

பென் டிரைவைச் சொருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப். எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று ஒரு பட்டியல் வரும், அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் எனக்கு வந்தது. பச்சை நிறத்தில் ஒரு இலச்சினை, பிறகு அமைதியாக ஒரு டெஸ்க்டாப். அதில் 'இன்ஸ்டால்' என்று ஒரு படம் இருக்கும். அதைத் தொடவே கூடாது. ஃபைல்ஸ் என்பதைத் திறந்து இடது பக்கம் பார்த்தால் விண்டோஸின் சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் நிற்கின்றன. உள்ளே போனால் யூசர்ஸ், அதற்குள் என் பெயர், அதற்குள் டாகுமெண்ட்ஸ், அதற்குள் 'ஊர்ச்சொல்'.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "இருக்குதும்மா" என்றேன். அந்தப் பக்கம் அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பென் டிரைவ் செய்ய ஆளில்லாத இடத்தில் இன்னொரு குறுக்குவழியும் சொன்னாள். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் கையில் இருந்தால், அது கேள்வி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், 'எல்லா ஃபைல்களும்' என்று மாற்றினால் கணினியில் உள்ளது அத்தனையும் தெரியும். அங்கிருந்தே ரைட் கிளிக் செய்து காப்பி, வெளி டிரைவுக்குப் போய் பேஸ்ட். கடைத் தம்பிகளுக்கு மனசிருந்தால் ஐந்து நிமிட வேலை.

எதை எதை எடுப்பது? டாகுமெண்ட்ஸும் போட்டோவும் எல்லோரும் எடுப்பார்கள். டெஸ்க்டாப்பில் வைத்ததும் டவுன்லோட்ஸில் கிடப்பதும்தான் விட்டுப்போகும். கண்ணுக்கு முன்னால் இருப்பதால் அது வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம், அதுவும் சி டிரைவில்தான் இருக்கிறது. கடைக் கணக்கு டாலியில் வைத்திருக்கும் என் கொழுந்தனாருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணக்கு டாகுமெண்ட்ஸில் இருக்காது. டாலியின் ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று தனியாக இருக்கும். அதை எடுக்காமல் ஃபார்மட் போட்டால் ஆடிட்டர் முன்னால் நிற்க முடியாது.

நான் ஒன்றைக் கேட்டேன். அது என் மாணவிக்கே தோன்றாத கேள்வி என்பதில் இந்த வாத்தியாரம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "ஃபாண்ட் எங்கம்மா இருக்கும்?"

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதியவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல் இது. (மற்ற இந்திய மொழிக்காரர்களுக்கும் இருக்கலாம், எனக்குத் தெரிந்தது தமிழ்.) இன்றைக்கு நீங்கள் போனில் தட்டுவது யூனிகோட். எந்தக் கணினியிலும் அ என்றால் அ. ஆனால் பழைய நாளில் நாம் பாமினி, வானவில் ஔவையார், செந்தமிழ் என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்துத் தட்டினோம். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் முகமூடி. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி உள்ளே எழுதி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். முகமூடி இருக்கும்வரை அம்மா. முகமூடி போனால் வெறும் கிறுக்கல். தமிழக அரசே 2010 ஜூனில்தான் யூனிகோடையும் தமிழ் 16 பிட் முறையையும் தரமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் எவ்வளவோ காலம் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய எழுத்துருக்களே ஓடின. கை பழகியது பாமினி என்பதால் நான் 2018 வரை அதில்தான் தட்டினேன்.

அதனால் ஃபைலை மட்டும் காப்பாற்றி, எழுத்துருவை விட்டுவிட்டு ஃபார்மட் போட்டால் என்ன ஆகும்? 1,846 சொல்லும் இருக்கும், ஒன்றைக்கூடப் படிக்க முடியாது. பாமினி இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், அது பிரச்சினை இல்லை. ஆனால் டிடிபி கடைக்காரர்கள் தாங்களே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்ட எழுத்துருக்கள், சிடியில் விலைக்கு வாங்கியவை, இவையெல்லாம் போனால் போனதுதான். நம் ஊர்க் கோவில் குடமுழுக்கு மலர், கல்யாணப் பத்திரிகை, உங்கள் தாத்தா எழுதிய குடும்ப வரலாறு என்று பழைய ஃபைல் யாரிடமாவது இருந்தால் இது நினைவிருக்கட்டும். சி டிரைவ், விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ். அந்த ஃபோல்டர் முழுவதையும் அள்ளிக்கொள்ளுங்கள். பெரிய இடம் ஒன்றும் பிடிக்காது. 'என் ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு ரீசெட் செய்' என்று விண்டோஸ் ஒரு வசதி கொடுக்கும். அது நல்ல வசதிதான். ஆனால் நாமாகப் போட்ட மென்பொருளும் எழுத்துருவும் அதில் தங்கும் என்று நம்ப வேண்டாம்.

காப்பி ஆரம்பித்தோம். சொற்கள் வந்தன, போட்டோக்கள் வந்தன. 2016 ஆண்டு விழா வீடியோ மட்டும் வர மறுத்தது. பழைய முறையில் ஃபார்மட் செய்த வெளி டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாதாம். அதை மாற்றிப் போட்டதும் ஏறியது. 41 குரலில் 37 வந்தன. மீதி நான்கில் காப்பி அப்படியே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பிறகு படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. டிஸ்க்கில் அந்த இடம் பழுது. விண்டோஸ் விழுந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்றாள். அந்த நான்கில் ஒன்று, நீங்கள் நினைத்ததுதான், அப்பத்தா.

"திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க டீச்சர். ஆஃப் பண்ணிருங்க" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் 2003 செட் மாணவன் வந்தான். லேப்டாப்பைக் கவிழ்த்து, ஆணி கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, ஒரு ஒயர் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினான். டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல். அது எப்படி வேலை செய்கிறது என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் நான் உங்களுக்குச் சொல்லும் அதே அறிவுரை. தெரிந்த கேள்விக்கு முதலில் பதில் எழுது. தெரியாததில் மாட்டிக்கொண்டு நிற்காதே. எல்லாம் முடித்த பிறகு விட்டதற்குத் திரும்பி வா. அந்த நிரலும் டிஸ்க்கில் சுலபமாக வரும் இடங்களை முதலில் அள்ளி இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகலெடுக்கிறது. பிறகு விட்ட இடங்களுக்கு ஓரம் ஓரமாகத் திரும்பி வருகிறது. எங்கே விட்டது என்று குறித்தும் வைக்கிறது. கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதுவதில்லை. மீட்பு வேலை எல்லாம் அந்த நகலில்தான்.

ஞாயிறு மதியம் ஆரம்பித்தது. அவன் மதியம் சாப்பிட்டான், ராத்திரி இடியாப்பம் சாப்பிட்டான், திண்ணையில் படுத்துத் தூங்கினான். நான்தான் இரண்டு முறை எழுந்து வந்து திரையில் ஓடும் எண்களைப் பார்த்தேன். என்ன புரிந்தது என்று கேட்காதீர்கள். திங்கள் பத்தரை மணிக்கு முடிந்தது.

நான்கு குரலில் இரண்டு முழுதாக வந்தன. ஒன்று கடைசிவரை வரவில்லை. மேலத்தெரு பெரியவர், பாக்குவெட்டி செய்தவர், அவர் பேசியது. அவர் வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் மகள் "விடுங்க டீச்சர், நீங்க வந்து கேட்டதே அவருக்குப் பெரிய சந்தோஷம்" என்றார். எனக்கு விட முடியவில்லை. அவர் பேசியதில் நினைவிருப்பதை இப்போது எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பத்தா பேசியது 18 நிமிடம். அதில் இரண்டு இடத்தில் சட்டென்று குரல் அறுந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி வருகிறது. மற்றபடி எல்லாம் இருக்கிறது. கமலை ஓட்டிய கதை, மாடு பின்னால் நடந்து வரும்போது வடத்தையும் வால்கயிற்றையும் எப்படி விட வேண்டும், தான் பிறந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசி. 14-ஆவது நிமிடத்துக்கு மேல் பேரனைப் பற்றிப் பேச்சு வருகிறது. "போன்ல தெனமும் பேசுறான். கொரலு மட்டும் வருது, ஆளு வரமாட்டேங்கிறான்" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார். அதை அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வெட்டுவதற்கு நான் யார்? முழுதாகவே அனுப்பினேன். திவசத்தன்று வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி அவன் போன் செய்தான். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இப்போதெல்லாம் பல லேப்டாப்பில் டிஸ்க்கையே பூட்டி வைத்துத்தான் வருகிறது. பிட்லாக்கர் என்பார்கள். திருடனுக்கு எதிராக நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்டோஸ் விழுந்தால் நமக்கும் அதே பூட்டு. நான் சொன்ன பென் டிரைவ் வித்தையெல்லாம் அதன் முன்னால் எடுபடாது. 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி, காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். கணினிக்குள்ளேயே வைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். என் மருமகள் இதைப் படித்துவிட்டு நேற்றே எழுதி வைத்துவிட்டாள்.

என் லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 போடும் தகுதி இல்லையாம். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட்டையே நிறுவிவிட்டான். தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. இதை அதில்தான் தட்டுகிறேன். முன்பைவிட வேகமாக இருக்கிறது, என்னையல்ல, லேப்டாப்பைச் சொல்கிறேன்.

ஊர்ச்சொல் எல்லாவற்றையும் என்ஹெச்எம் கன்வர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு மாற்றியாகிவிட்டது. இடையில் ஆங்கிலத்தில் தட்டிய இனிஷியல்கள் எல்லாம் தமிழ் எழுத்தாக மாறிக் கூத்தடித்தன. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இப்போது ஒரு பிரதி என்னிடம், ஒன்று திருச்சியில் மகளிடம், ஒன்று கூகுள் டிரைவில். லிங்க் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

ஒரே ஒரு ஃபைலில்தான் உங்கள் உதவி வேண்டும். 2001 முதல் 2003 வரையிலான ஃபைல் அடிபட்டிருந்தது. வேர்டில் எழுத்தை மட்டும் மீட்டெடுக்கும் வழியில் எடுத்தபோது கட்டங்கள் உடைந்துவிட்டன. சொல் எல்லாம் ஒரு பக்கம், கொண்டுவந்த பிள்ளைகளின் பெயர் எல்லாம் இன்னொரு பக்கம் கிடக்கின்றன. எது யாருடையது என்று தெரியவில்லை. அந்த மூன்று வருடத்தில் என்னிடம் படித்தவர்கள் கமெண்ட்டில் வந்து, எந்தச் சொல் உங்களுடையது, வீட்டில் யார் சொன்னது என்று எழுதுங்கள். கலுங்கு, குமிழி, கடைமடை, சால், வால்கயிறு, குதிர், பத்தாயம் ஆகியவை முதல் பக்கத்தில் இருப்பவை. மீதியை நாளை போடுகிறேன்.

பத்தாயத்துக்கு மட்டும் ஏற்கெனவே இரண்டு பேர் போன் செய்து என்னுடையது என்கிறார்கள். இருவரும் அக்காவும் தம்பியும். வீட்டில் பேசி முடிவு செய்து ஒரு பெயரைச் சொல்லுங்கள்.